பத்தாவது கணக்கு அரியர்: எல்லாம் மாறப்போகிறதாமே, காத்திருக்கலாமா?

கொளத்தூர் வேணி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 27. கொளத்தூரில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். 2014-ல் பத்தாவது எழுதினேன். தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் நான்கும் பாஸ். கணக்கில் 27. அந்த வருடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் ஜூன் மாத மறுதேர்வும் எழுதவில்லை. அப்புறம் கல்யாணம், குழந்தை, மெஷின். அந்த 27 அப்படியே நின்றுவிட்டது.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், தையலில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு லோயர் கிரேடு முடித்துவிட்டேன். ஹையர் எழுத பத்தாவது பாஸ் வேண்டும். தையல் டீச்சர் பயிற்சிக்குப் போகவும் பத்தாவது பாஸ் வேண்டும். எனக்கும் அந்தப் பயிற்சிக்கும் நடுவில் நிற்பது இந்த ஒரே ஒரு கணக்குப் பேப்பர்தான்.

சரி, எழுதிவிடலாம் என்று முடிவு செய்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் வரிசையாகச் செய்தி வருகிறது. கணக்குப் பரீட்சைக்குக் கால்குலேட்டர் கொண்டுபோகலாம் என்று ஒன்று. பாடப்புத்தகம் மாறுகிறது, கேள்வித்தாள் மாறுகிறது என்று இன்னொன்று. பப்ளிக் எக்ஸாமே ரத்து என்று மூன்றாவது. பக்கத்தில் ஒரு டுடோரியலில் போய்க் கேட்டேன். “இப்ப எழுதாதீங்க மேடம், அடுத்த வருஷம் ஈஸியாயிடும், ஆனா சீட்டுக்கு இப்பவே 2,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிடுங்க” என்றார். ஈஸியாகிவிடும் என்றால் அட்வான்ஸ் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கட்டிவிட்டு வந்து யோசிக்கிறேன்.

அதோடு ஒரு குழப்பம். சென்ட்ரல் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் 60 ரூபாய்க்குக் கணக்கு கைடு வாங்கினேன். அதில் 12 பாடம். அண்ணன் பையன் இப்போது பத்தாவது படிக்கிறான். அவன் புத்தகத்தில் 8 பாடம்தான் இருக்கிறது. அப்படியென்றால் புது சிலபஸ் வந்தே விட்டதா, இல்லை இனிமேல்தான் வரப்போகிறதா?

எனக்குக் கணக்கே வராது என்று சொல்ல மாட்டேன். அம்பிரல்லா பாவாடைக்கு இடுப்பை ஆறால் வகுத்துக் கால் அங்குலம் குறைப்பேன். 30 இடுப்பு என்றால் நாலே முக்கால். துணியை நாலாக மடித்து, மூலையில் டேப்பைப் பிடித்துச் சாக்பீஸால் அந்த அளவுக்கு ஒரு வளைவு போட்டு வெட்டினால் இடுப்பில் கச்சிதமாக உட்காரும். பத்து வருடமாக ஒரு பாவாடை கூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் எக்ஸ், ஒய் என்று வந்தால் மூளை மூடிக்கொள்கிறது.

இந்த வருடமே எழுதட்டுமா, மாற்றம் வரும்வரை காத்திருக்கட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை பாஸ்கர்:

கால்குலேட்டர் உண்டு என்று நானும் கேள்விப்பட்டேன். அமைச்சரே சொன்னார் என்று என் மச்சான் சொன்னான். வெயிட் பண்ணுங்க சிஸ்டர். இல்லையென்றால் ஓப்பன் ஸ்கூலில் எழுதிவிடுங்கள், அதுவும் பத்தாவதுதானே.

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்:

பாஸ்கர் தம்பி, மச்சான் பாதியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கால்குலேட்டர் அனுமதி பிளஸ் டூ “கணக்குப்பதிவியல்” தேர்வுக்கு, 2025-26 கல்வியாண்டிலிருந்து. அக்கவுண்டன்சி. அது வாட்ஸ்அப்பில் நாலு குரூப் தாண்டுவதற்குள் “பதிவியல்” உதிர்ந்து “கணக்கு” மட்டும் மிஞ்சிவிட்டது. பத்தாவது கணக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெருக்கலும் வகுத்தலும் கையால்தான்.

“பப்ளிக் ரத்து” செய்தியும் அதே ரகம்தான். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளிவந்தது. அதையொட்டி ரத்தானது பிளஸ் ஒன் பொதுத்தேர்வு. 2018 மார்ச்சில் முதல்முறையாக நடந்தது, இப்போது எடுத்துவிட்டார்கள். பத்தாவதும் பிளஸ் டூவும் அப்படியேதான் இருக்கின்றன.

ஓப்பன் ஸ்கூல் நல்ல வழிதான், குறை சொல்லவில்லை. அது ஐந்து பாடமும் புதிதாக எழுத வேண்டியவர்களுக்குப் பொருந்தும். நாலு பாடம் பாஸ் செய்துவிட்டு ஒன்று மட்டும் பாக்கி வைத்திருப்பவருக்கு அது மாதவரம் சுற்றிப் பெரம்பூர் போகிற கதை.

இப்போது வேணிம்மா கேள்விக்கு வருகிறேன். நீங்கள் காத்திருக்கிற மாற்றம் வந்து பல வருடம் ஆகிறது. கையில் பழைய கைடை வைத்துக்கொண்டு புதுசு எப்போது வரும் என்று கேட்கிறீர்கள். நீங்கள் படித்தது 2011-12-ல் பத்தாவதுக்கு வந்த சமச்சீர்ப் புத்தகம். அதில்தான் 12 பாடம். 2018-ல் ஒன்பதாவது புத்தகம் மாறியது, 2019-ல் பத்தாவது மாறியது. அந்தப் புத்தகம்தான் அண்ணன் பையன் கையில் இருக்கும் 8 பாடம். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் பொதுத்தேர்வு நடக்காமல் எல்லோரும் பாஸ் என்று போய்விட்டதால், இந்தக் கேள்வித்தாளை வெளியில் பலரும் 2022-ல்தான் முதலில் பார்த்தார்கள். அதனால் இன்னமும் “புதுசு” என்றே பேர்.

அந்த 60 ரூபாய்க் கைடைப் பொட்டலம் மடிக்க வைத்துக்கொள்ளுங்கள். புதுப் புத்தகம் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

2014-க்கும் இப்போதைக்கும் என்ன மாறியது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அன்றைக்கு நேரம் இரண்டரை மணி, இன்றைக்கு 3 மணி. அதற்கு முன்னால் வாசிக்கவும் விவரம் எழுதவும் 15 நிமிடம் தனி. ஒரு மார்க் 15 இருந்தது, இப்போது 14. இரண்டு மார்க்கில் 14 கேள்வி கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், அதில் 28-வது கேள்வி கட்டாயம். ஐந்து மார்க்கிலும் அதேபோல் 14-க்கு 10, அதில் 42-வது கட்டாயம். கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. அன்றைக்கு ஒவ்வொன்றும் 10 மார்க், இப்போது 8. இரண்டிலும் “அல்லது” போட்டு இன்னொன்றும் கொடுத்திருப்பார்கள். பாஸ் மார்க் அதே 35.

கணங்களில் டி மார்கன் விதி என்று ஒன்று உங்கள் காலத்தில் இருந்ததே, அது இப்போது பத்தாவதில் இல்லை. அணிகள் தனிப் பாடமாக இருந்தது, இப்போது இயற்கணிதத்துக்குள் போய்விட்டது.

31 வருடம் பாடம் எடுத்தேன், திருத்தும் முகாமுக்கும் போயிருக்கிறேன். 35-ஐத் தொடாத பேப்பர்களில் பாதிக்கு மேல் ஒரே கோளாறுதான். பையன் 29-வது கேள்வியில் ஆரம்பித்து ஐந்து மார்க்கோடு மல்லுக்கட்டுவான். ஒன்றரை மணி நேரம் போகும். கடைசியில் கிராப் ஷீட் காலியாக இருக்கும். காலி கிராப் ஷீட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நீங்கள் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். வடிவியலில் 7, வரைபடத்தில் 6, ஒரு மார்க்கில் 10 சரி, இரண்டு மார்க்கில் ஆறு சரி என்றால் 12. கூட்டிப் பாருங்கள், 35 வருகிறது. ஐந்து மார்க் பகுதியை இன்னும் தொடவே இல்லை. அதில் திட்டவிலக்கத்துக்கு டேபிள் மட்டும் ஒழுங்காகப் போட்டால்கூட ஸ்டெப் மார்க் விழும்.

இரண்டு மார்க்கில் வீச்சு, வீச்சுக் கெழு, நேர்கோட்டின் சாய்வு, கூட்டுத் தொடர்வரிசையின் உறுப்பு, கார்ட்டீசியன் பெருக்கல் இதெல்லாம் பார்த்து வையுங்கள். வீச்சு என்றால் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது, அவ்வளவுதான். பேரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பாவாடை. எக்ஸ், ஒய் வராது என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்டத்தின் சுற்றளவு இரண்டு பை ஆர். இரண்டு பை என்பது ஏறக்குறைய 6.28. இடுப்பு 30 என்றால் ஆரம் 30 வகுத்தல் 6.28, அதாவது 4.78. நீங்கள் ஆறால் வகுத்துக் கால் குறைத்து 4.75 எடுக்கிறீர்கள். 36 இடுப்புக்கும் போட்டுப் பாருங்கள், உங்கள் கணக்கில் 5.75, பை கணக்கில் 5.73. யார் கண்டுபிடித்த குறுக்குவழியோ, அபாரம். ஏழாவது பாடம் அளவியலைத் திறந்து கூம்பின் இடைக்கண்டம் படத்தைப் பாருங்கள். மேலே சின்ன வட்டம், கீழே பெரிய வட்டம், பக்கவாட்டில் சாய்வு. நீங்கள் தினமும் தைக்கிற பாவாடைதான் அது.

கொளத்தூர் வேணி:

சார், கையெடுத்துக் கும்பிடுகிறேன். இத்தனை நாள் எனக்கு யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. “பதிவியல் உதிர்ந்தது” என்பதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன், ரெண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம்.

2014-ல் எனக்குப் போனதும் கிராப்தான் சார். டேபிள் போட்டேன், புள்ளியும் வைத்தேன். அப்புறம் புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இணைத்துவிட்டேன். வெளியே வந்து பிள்ளைகள் “வளைவாகத்தானே வரணும்” என்று பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. வடிவியல் தொடவே இல்லை, காம்பஸ் கொண்டுபோகவில்லை.

இரண்டு சந்தேகம். அப்ளிகேஷன் எங்கே போடுவது? புத்தகம் மறுபடியும் மாறினால் இப்போது படிப்பது வீணாகிவிடாதா?

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்:

ஸ்கேல் வைத்து இணைத்தீர்களா! ஜாக்கெட்டுக்கு ஆம்ஹோல் வளைவை ஸ்கேல் வைத்தா போடுவீர்கள்? நாலைந்து இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மணிக்கட்டைத் திருப்பி ஒரே இழுப்பாக இழுப்பீர்கள் அல்லவா? பரவளையமும் அப்படித்தான். சாக்பீஸுக்குப் பதில் பென்சில்.

தனித்தேர்வர்கள் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் போய்ப் பதிய வேண்டும். அறிவிப்பு வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். தேர்வுத் துறை இணையதளத்தைப் பாருங்கள், வாட்ஸ்அப்பைப் பார்க்காதீர்கள். பழைய மதிப்பெண் பட்டியல் கட்டாயம் கையில் இருக்கட்டும். தேதி தவறினால் தக்கல் உண்டு, கூடுதல் பணம் போகும். கணக்கு மட்டும் எழுதுவதால் அறிவியல் செய்முறைத் தேர்வுக் கவலை உங்களுக்கு இல்லை.

புத்தகம் என்றைக்காவது மாறத்தான் செய்யும். 2011-ல் மாறியது, 2019-ல் மாறியது. மாறும்போது எழுதாமல் தேங்கி நிற்பவர்களுக்குத்தான் கஷ்டம். பாஸ் செய்தவரை யாரும் திரும்பக் கூப்பிட்டு எழுதச் சொல்வதில்லை.

ராயபுரம் எலக்ட்ரீஷியன்:

வேணி, நான் உன்னைவிடப் பெரியவன், அண்ணன் மாதிரி நினைத்துக்கொள். எட்டாவதோடு நின்றவன் நான். 39 வயதில் பத்தாவது எழுதினேன், 2023-ல். அஞ்சு பாடமும் பிரைவேட்டாக. ஏன் எழுதினேன் என்றால் பாஸ்போர்ட். பத்தாவது பாஸ் இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று போட்டுவிடுவார்கள். கத்தார், சவுதி, துபாய் பக்கம் வேலைக்குப் போவதென்றால் அதற்கென்று தனியாக அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது பாஸ் என்றால் அந்த முத்திரையே வராது. எனக்கு முன்னால் போன ரெண்டு பேர் ஏஜென்டிடம் அலைந்ததைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் தூக்கினேன்.

ஏப்ரலில் கணக்கில் 22 வாங்கிக் கோட்டைவிட்டேன். வாத்தியார் சொன்ன அதே தப்புதான், முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ரிசல்ட் வந்ததும் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டினேன். ஜூன், ஜூலையில் வைக்கிறார்கள், ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. அதில் 41.

அந்த ரெண்டு மாதத்தில் என்ன செய்தேன் என்றால், டெய்லி ராத்திரி ஒரு வடிவியல், ஒரு கிராப். வேறு எதுவும் இல்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி கொடுத்துத் தொடுகோடு வரையச் சொல்வார்கள் இல்லையா, அது எனக்கு முதல் வாரம் வரவே இல்லை. ஆரம் 3 செ.மீ., புள்ளி மையத்திலிருந்து 5 செ.மீ. தூரம் என்றால் தொடுகோடு 4 வர வேண்டும். எனக்கு ஒரு நாள் 3.7, ஒரு நாள் 4.4. மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் கோளாறு என்னிடம் இல்லை, பையனின் ஜாமென்ட்ரி பாக்ஸ் காம்பஸில் திருகு லூஸ். வில் வெட்டும்போது கால் அகன்றுகொண்டே போகிறது. டெஸ்டர் முனையால் ஒரு முறுக்கு முறுக்கினேன். அன்றைக்கு ராத்திரி 4 வந்தது. ஏழெட்டுத் தடவை போட்டேன், ஏழெட்டுத் தடவையும் 4. அந்தச் சந்தோஷம் பாஸ் ஆன அன்றைக்குக்கூட இல்லை.

ஹாலுக்குப் போன அன்று கேட்டில் இருந்தவர், “பையனை உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய நில்லுங்க சார்” என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். உள்ளே போனால் எனக்கு முன் பெஞ்சில் என் அம்மா வயது அம்மா ஒருவர், பென்சில் சீவிக்கொண்டிருந்தார். வெட்கம் அங்கேயே போய்விட்டது.

டுடோரியல்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேள். கொடுக்க மாட்டார், இருந்தாலும் கேள்.

நியூஜெர்சி மயிலாப்பூர்:

பேச்சோடு பேச்சாக ஒன்று. எங்கள் அண்ணி கல்யாணமாகி இங்கே அமெரிக்கா வந்தபோது அவரும் பத்தாவது அரியர் கேஸ்தான். இங்கே பள்ளி முடிக்காதவர்களுக்கு ஜி.இ.டி. என்று ஒரு தேர்வு உண்டு. கணக்கு, மொழி, அறிவியல், சமூகம் என நான்கு பேப்பர். நான்கும் பாஸ் செய்தால் பள்ளி இறுதிக்குச் சமம்.

இங்கேயும் இதே கூத்து நடந்திருக்கிறது. 2014 ஜனவரியிலிருந்து அந்தத் தேர்வை முழுக்க மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்னால் ஐந்து பேப்பராக இருந்தது. பழைய முறையில் மூன்று, நான்கு பேப்பர் பாஸ் செய்து ஒன்றை மட்டும் பாக்கி வைத்திருந்தவர்கள் 2013 டிசம்பருக்குள் முடிக்காவிட்டால், பாஸ் செய்ததும் சேர்ந்து போய்விடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ஆகவே 2013 கடைசியில் ஒரே நெரிசலாம். நம் ஊரில் நீங்கள் 2014-ல் பாஸ் செய்த நாலு பாடம் இன்றைக்கும் உங்களுடையதாகவே இருக்கிறதே, அதன் அருமை எனக்கு இதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஈஸியாகும் என்று காத்திருந்தவர்கள் கதையும் உண்டு. பாஸ் மார்க் 200-க்கு 150 என்று வைத்திருந்தார்கள், 2016-ல் அதை 145 ஆக்கினார்கள். அதற்காக இரண்டு வருடம் யாராவது சும்மா இருந்திருந்தால் மிச்சம் ஐந்து மார்க்.

அண்ணி 2019-ல் எழுதினார். கணக்கில் முதல் ஐந்து கேள்விக்குக் கால்குலேட்டர் கிடையாது, அப்புறம் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் வரும். சூத்திரத் தாளும் கொடுத்துவிடுகிறார்கள். இவ்வளவு இருந்தும் முதல் தடவை அண்ணிக்கு வரவில்லை. கால்குலேட்டர் கொடுத்தார்கள் சரி, எதை எதால் வகுப்பது என்று யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று அன்றைக்குப் போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாவது தடவை பாஸ்.

தண்டையார்பேட்டை பாஸ்கர்:

மச்சானிடம் சொல்லிவிட்டேன் சார். “அக்கவுண்டன்சியும் கணக்குதானே” என்கிறான். விட்டுவிட்டேன்.

கொளத்தூர் வேணி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு 22 ஜாக்கெட் வந்துவிட்டது.

அட்வான்ஸ் கேட்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணா சொன்னது மாதிரியே கொடுக்கவில்லை. “அடுத்த பேட்ச்சுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றார். போகட்டும், அது நாலு ஜாக்கெட் கூலி.

அண்ணன் பையனின் புத்தகத்தை ராத்திரி மட்டும் கடன் வாங்குகிறேன், ஒன்பதரைக்கு மேல் அவன் தூங்கிவிடுவான். ரெண்டு மூன்று நாள் மதியம் அகரத்தில் முதல்வர் படைப்பகத்துக்கும் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். நான் மட்டும் காம்பஸும் கையுமாக.

நேற்று எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் நாலு எக்ஸ் பிளஸ் மூணு போட்டேன். எக்ஸுக்கு மைனஸ் ஒன்றிலிருந்து ஐந்து வரை டேபிள். 8, 3, 0, மைனஸ் 1, 0, 3, 8 என்று வந்தது. முதலில் பார்த்தபோது தப்பாகிவிட்டது என்று நினைத்தேன், போனது அப்படியே திரும்பி வருகிறதே என்று. அப்புறம் புள்ளி வைத்ததும் புரிந்தது. ஜாக்கெட் முன்கழுத்து சார் அது! துணியை மடித்து வெட்டுகிற மாதிரி நடுவில் ஒரு மடிப்புக் கோடு, ரெண்டு பக்கமும் ஒன்றேபோல். அடியில் மைனஸ் ஒன்றில் திரும்புகிறது. ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒரே இழுப்பு. போட்டோ இணைத்திருக்கிறேன். எக்ஸ் அச்சை 1-லும் 3-லும் வெட்டுகிறது, ஆகவே “மெய் மற்றும் சமமற்ற மூலங்கள்” என்று கீழே எழுதியிருக்கிறேன். சரியா சார்?

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்:

வளைவு பிரமாதம். பத்தாவது பிள்ளைகள் யாரும் இவ்வளவு சுத்தமாகப் போட்டு நான் பார்த்தது குறைவு. மூலங்களும் சரி, தன்மையும் சரி. முன்கழுத்து உவமை அதைவிடச் சரி, நடுவில் நீங்கள் சொல்லும் மடிப்புக் கோடுதான் சமச்சீர் அச்சு, எக்ஸ் சமம் 2.

ஆனால் 8 கொடுக்க மாட்டேன். வலது மேல் மூலையைப் பாருங்கள், அளவுத்திட்டம் எங்கே? எக்ஸ் அச்சில் 1 செ.மீ. எத்தனை அலகு, ஒய் அச்சில் எத்தனை அலகு என்று எழுதவே இல்லை. அளவு எழுதாமல் துணி வெட்டுவீர்களா?

கொளத்தூர் வேணி:

ஐயோ சார். எழுதிவிட்டேன். இன்றைக்கு ராத்திரி நேர்மாறல் கிராப் போட்டு அனுப்புகிறேன், அளவுத்திட்டத்தோடு.

ராயபுரம் எலக்ட்ரீஷியன்:

காம்பஸ் திருகு பார்த்தாயா?

கொளத்தூர் வேணி:

மெஷின் ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கிவிட்டேன் அண்ணா. தொடுகோடு 4 வந்தது.